மூன்று ஜன்னலில் ஒரே முகம்

மாடி ஜன்னலில் தலையை நீட்டி ஒரு கூச்சல் போடுவாள் ஹாட்டி புரூபேக்கர். அது அடங்குவதற்குள் தடதடவென்று படியிறங்கி, வரவேற்பறை ஜன்னலில் தொப்பியோடு கையாட்டுவாள். பிறகு சமையலறை ஜன்னலில் கறுப்புக் கண்ணாடியோடு எட்டிப் பார்ப்பாள். புல்தரையில் வரிசைகட்டி நிற்கும் புது மாணவிகள், வீடு நிரம்பி வழிகிறது என்று நம்ப வேண்டுமாம்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தக் கல்லூரித் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு சகோதரியர் சங்கம், மாணவிகள் சேர்ந்து தங்கும் குழு. புது மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துத் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள். மற்ற வீடுகளில் கதவு திறந்தால் ஒரு படையே கைதட்டிப் பாடும். ஹாட்டியின் வீட்டில் மொத்தமே ஒன்பது பேர். இந்த ஆகஸ்டில் இன்னும் பத்துப் பேராவது சேராவிட்டால் வீட்டை மூடிவிடுவதாகச் சங்கத்தின் தலைமையகம் சொல்லியிருந்தது. ஆள் சேர்க்கும் பொறுப்புக்கு யாரும் முன்வராதபோது கை தூக்கியவள் இவள்தான்.

பன்றிப் பண்ணைக்காரர் மகள். ஓங்குதாங்கான உடம்பு, செம்பட்டை முடி. வேர்க்கடலை வெண்ணெயைப் புட்டியோடு வைத்துக்கொண்டு கரண்டியால் தின்பாள். பாட்டு வராது, வராது என்பதும் தெரியாது. வந்தவர்களிடம் நாசூக்காகப் பேசச் சொல்லித் தலைவி பெய்ஜ் பாடம் நடத்தினால் நன்றாகத் தலையாட்டுவாள். ஆள் உட்கார்ந்ததும், "உங்க வீட்ல உன்ன ரொம்பத் திட்டறது யாரு?" என்றுதான் ஆரம்பிப்பாள். கேட்கப்பட்டவள் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

முதல் நாளே மிரேயா என்ற வாண்டு போன்ற ஒரு புது மாணவி, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டாள். முப்பதுக்குக் கிட்டே என்று சொல்லும்படி பெய்ஜ் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். ஹாட்டிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"ஒம்பது. மூணு ஜன்னல்லயும் நீ பாத்தது என்னத்தான். ஓடி ஓடிப் பாதி உசுரு போச்சுடி, கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வா."

மிரேயா சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். "நீ உக்காரு. மாடிய நான் பாத்துக்கறேன்" என்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவள், அங்கே போகவே இல்லை.

மாலைக்குள் வளாகம் முழுவதும் இதே பேச்சு, ஒரே சிரிப்பு. பெய்ஜ் தலையில் கை வைத்துக்கொண்டாள். தன் வாய்தான் வீட்டை மூடப்போகிறது என்று ஹாட்டியும் நினைத்தாள். அன்று கடலை வெண்ணெய்கூட இறங்கவில்லை.

வார முடிவில் புது மாணவிகள் தங்களுக்குக் கிடைத்த வீட்டை நோக்கி ஓடி வரும் நாள். வீட்டுக்காரிகள் வாசற்படியிலேயே காத்து நிற்க வேண்டும், இறங்கக் கூடாது, அதுதான் வழக்கம். கூட்டம் கூட்டமாக எல்லாரும் வேறு வீடுகளுக்குள் புகுந்தார்கள். அப்போது தெருமுனையில் மிரேயா திரும்பினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கும்பல், அதற்குப் பின்னால் இன்னொன்று. பெய்ஜ் பத்து வரை எண்ணினாள். அதற்கு மேல் எண்ண முடியாமல் அழுதாள்.

ஹாட்டி படியிலிருந்து குதித்து ஓடினாள். கட்டிக்கொள்ளக் கை விரித்த மிரேயாவைத் தாண்டி, கும்பலையும் தாண்டி, எல்லாருக்கும் கடைசியாக, வரலாமா வேண்டாமா என்று தயங்கி நடந்து வந்த ஒரு பெண்ணிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.