அகப்பை யார் கையில்

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அகப்பை தொங்குகிறது. பிடி கருகிப்போய்விட்டது. இந்தக் குளிர்தேசத்து மின் அடுப்புக்கு அது பொருத்தமே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கும்போது அதை மட்டும்தான் எடுப்பேன்.

அது என் மச்சாளுடையது. என் கணவரின் தங்கை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள். கணவர் கனடாவுக்குப் போய், என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்த காலம். கொழும்பில் வெள்ளைக்கார அதிகாரி நேரில் கேள்வி கேட்பார், பதில் பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ஊரில் பேச்சு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலப் புத்தகத்தை விரித்தாலே கை வியர்க்கும். அதைக் கண்ட மச்சாள் புத்தகத்தை மூடிவிட்டு என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். ஒரே சட்டம்தான். அகப்பை யார் கையில் இருக்கிறதோ, அவர் ஆங்கிலம் மட்டும் கதைக்க வேண்டும். அவள் அகப்பையைப் பிடித்துக் கேள்வி கேட்பாள். பிறகு என்னிடம் நீட்டுவாள். வெங்காயமும் உப்பும் நெருப்புமாக என் ஆங்கிலம் அப்படித்தான் ஊறியது.

ஒரு வெள்ளிக்கிழமை, புக்கைக்கு இனிப்புப் போதுமா என்று கேட்டு அகப்பையைத் தந்தாள்.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

"வாயிலை வைச்சுப் பாத்துச் சொல்லுமன்!"

"ஐயோ, பிள்ளையாருக்குப் படைக்க முன்னம் நான் ருசி பாக்கிறதோ?"

"தமிழ் கதைக்கிறீர்! அகப்பையைப் பாரும்! உந்தப் பதிலைக் கொழும்பிலையும் சொல்லும், வெள்ளைக்காரன் உம்மைப் பிள்ளையாரிட்டையே திருப்பி அனுப்புவான்."

சிரித்து முடியவில்லை, குண்டுபோட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். முதல் குண்டுக்கே தலையில் மண் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு குந்தினேன். இருட்டுக்குள் அவள் குரல் வந்தது:

"கதையும், மச்சாள். அகப்பை உம்மடை கையிலை."

குனிந்து பார்த்தேன். உண்மைதான், இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றேன். பயமாயிருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் நானாகச் சொன்ன முதல் ஆங்கிலம் அது.

"பாத்தீரே, பொம்மர் வந்தால்தான் உமக்கு இங்கிலிசு வருகுது!"

அடிப்பிடித்த புக்கையைத்தான் அன்று பிள்ளையார் ஏற்றுக்கொண்டார். மச்சாளுக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்தேன்.

கொழும்புக்குப் புறப்பட்ட பின்னேரம் அவள் வாசல் படலையடியில் அகப்பையோடு நின்றாள். கிளாலிக் கடலை இரவில் கடற்படைக்குத் தப்பித் தோணியில் கடக்க வேண்டும்; போனவர்கள் எல்லாரும் கரை சேர்ந்ததில்லை. படுக்கையில் கிடந்த தன் தாயை, என் மாமியை, விட்டு அவளால் வரவும் முடியாது.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றாள். தமிழில் ஒருநாளும் சொல்லாததை மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு அகப்பையை என் கையில் வைத்தாள்.

இனி நான்தான் கதைக்க வேண்டும். வாய் திறந்தது, எந்த மொழியிலும் ஒரு சொல் வரவில்லை. வாகனக்காரர் கூப்பிட்டார்.

கடலைக் கடவுள் கடக்க வைத்தார். கொழும்பில் அந்த அதிகாரி, கணவருக்கு முதலில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டார். அகப்பை கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு புக்கையை அரிசி கழுவுவதிலிருந்து சொன்னேன். ருசியாக இருக்குமா என்றார். ஐ டோன்ட் நோ, முதலில் சாமி சாப்பிட வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு விசா கிடைத்தது.

பிறகு இராணுவம் முன்னேற, எங்கள் ஊர்ப் பகுதியான வலிகாமமே வீடுகளை விட்டு வெளிக்கிட்டு நடந்தது. மாமியைச் சைக்கிளில் இருத்தி மச்சாள் மழையில் உருட்டிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. தொலைபேசி அடித்தால் இன்றும் ஓடிப்போய் எடுப்பேன்.

இன்று வெள்ளிக்கிழமை. புக்கை கொதிக்கிறது. அகப்பை என் கையில் இருக்கிறது. இன்னும் என் முறைதான்.