மின்னல் கவசம், பத்தடி தூரம்

இருபது வருஷமாக மின்னலை மண்ணுக்குள் அனுப்பிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அதன் கூரை மேல் நிற்கும் இடிதாங்கிகள், அவற்றிலிருந்து இறங்கும் செம்புப் பட்டைகள், தரைக்குள் கிடக்கும் எர்த் குழிகள் எல்லாம் என் பொறுப்பு. கோடையில் அந்தக் குழிகளுக்குப் பூச்செடிக்கு ஊற்றுவதைப் போலத் தண்ணீர் ஊற்ற ஆள் அனுப்புவேன். மழைக்காலம் தொடங்கும்போது ஷிஃப்டுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, தெலுங்கில் ஒருமுறை, ஹிந்தியில் ஒருமுறை ஓதுவேன்: மின்னும்போது மரத்தடியில் நிற்காதே, இரும்பைத் தொடாதே, கூட்டமாக நிற்காதே. இப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டாம் வயதில், உடம்பு முழுக்க இரும்பை மாட்டிக்கொண்டு மின்னலை வா வா என்று அழைக்கும் ஒரு விளையாட்டில் போய்ச் சேர்ந்தேன். பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்தால் மெமோ கொடுப்பார்.

சேர்த்துவிட்டது என் மகள். போன வருஷம் புனேயில் கல்லூரிக்குப் போனாள். அதுவரை ஏ.எஸ்.ராவ் நகரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தபோது பெரிதாகப் பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் ஹிந்தி. ஊரை விட்டுப் போனபின் போனில் அதுவும் சுருங்கியது. "சாப்பிட்டியா?" என்பேன். "ஹவ்" என்பாள், ஆமாம் என்று அர்த்தம். "படிக்கிறியா?" "ஹவ்." இரண்டு நிமிஷம் தாண்டினால் எங்கள் இருவருக்குமே மூச்சு முட்டும். போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் அவளே ஒரு வழி சொன்னாள். ஆன்லைனில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. மூன்று பேர் கூட்டாகப் போய் வழியில் வருகிறவர்களைச் சுட்டுத் தள்ளி, கடைசியில் ஒரு பெரிய பூதத்தை வீழ்த்த வேண்டும். அவள், அவளுடைய ஹாஸ்டல் தோழி, மூன்றாவதாக நான். ஞாயிறு காலை பதினொரு மணி. காதில் ஹெட்போன் இருப்பதால் பேச்சு தானாக வந்துவிடும். "பின்னாடி பாருங்க", "குண்டு தீந்துருச்சு", "செத்துட்டேன்" என்று ஒரு மணி நேரம் என் மகள் என்னோடு பேசினாள். பெற்ற பெண்ணின் குரலை முழுசாக ஒரு மணி நேரம் கேட்க நான் வாரத்துக்கு இருபது முறை சாக வேண்டியிருந்தது. மலிவுதான்.

ஆனால் நான் மட்டுமே செத்துக்கொண்டிருந்தால் கூட்டாளிகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒரு ஞாயிறு தோற்று எழுந்தபோது மகள் நாசூக்காகச் சொன்னாள். இந்தப் பூதம் இன்னும் ஒரு வாரம்தான் இருக்குமாம், பிறகு விளையாட்டுக்காரர்கள் எடுத்துவிடுவார்களாம். என் பில்ட் சரியில்லையாம். நல்ல மின்னல் கவசமாக ஒன்றை எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். "இல்லன்னா எங்க சீனியர் ஒருத்தங்க வரேன்னு சொல்றாங்கப்பா" என்றாள்.

வேலையை விட்டு எடுப்பதைக்கூட இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் ஹெச்.ஆருக்குத் தெரியாது. அந்த சீனியர் வந்துவிட்டால் நான் மறுபடியும் "சாப்பிட்டியா, ஹவ்" காலத்துக்குப் போக வேண்டியதுதான்.

பில்ட் என்பது ஒன்றுமில்லை, ஜாதகப் பொருத்தம். ஆயுதம், சக்தி, கவசம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். நெருப்பு, பனி, மின்னல் என்ற மூன்று சக்திகளில் நானும் மகளும் மின்னல். என்னிடம் மின்னல் கவசங்கள் நான்கு இருந்தன. தலையில் மாட்டினால், எதிரி சாகும்போதெல்லாம் நம் உயிர் கொஞ்சம் ஏறும். கையில் மாட்டினால், குத்துகிற குத்தில் இடி இறங்கும். காலில் மாட்டினால், ஓட ஓட மின்சாரம் சேரும், ஓடித் தப்பிக்கவும் செய்யலாம். நான்காவது மார்புக் கவசம். பத்தடிக்குள் நிற்கும் கூட்டாளிக்கும் மின்னல் பாயும், இருவர் பலமும் கூடும்; தனியாக நின்றால் வெறும் தகரம். இந்த நான்கில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்டலாம், மற்ற இடங்களுக்குச் சாதாரணக் கவசம். அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாளாம் என்பார்கள். எனக்கு நான்குதான்.

வீடு ஊரின் ஒரு கோடி, வேலை மறுகோடி என்று வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த ஊர் ஒரு வசதி செய்து கொடுக்கிறது. கம்பெனி பஸ்ஸில் யூடியூபில் ஒரு பட்டமே வாங்கிவிடலாம். அந்த வாரம் முழுக்கக் கவசப் பண்டிதர்களின் வீடியோ பார்த்தேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு சிவப்பு அம்புக்குறிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் தலைக்கவசம்தான் உலகிலேயே சிறந்தது என்றார். இன்னொருவர், தலைக்கவசம் போடுகிறவன் மனிதனே இல்லை என்றார். மூன்றாமவர் இருவரையும் திட்டிவிட்டுக் கைக்கவசத்தைப் புகழ்ந்தார்; மறுநாள் அதன் பலத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று கண்ணீர் விட்டு இன்னொரு வீடியோ போட்டார். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பையனுக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு என் வழக்கமான வேலையில் இறங்கினேன். ஒரு எக்செல் ஷீட் போட்டேன். தாக்கும் சக்தி, தாங்கும் சக்தி, வேகம், ஆபத்து என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. என் மனைவி பின்னால் நின்று பார்த்தாள். ஃப்ரிட்ஜ் வாங்க எட்டு மாதம் ஷீட் போட்டு, கடைசியில் கடைக்காரர் காட்டியதை வாங்கி வந்த கதையை நினைவுபடுத்தினாள். அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது என்றேன். சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது என்று திருத்தினாள்.

புதன்கிழமை மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. வேறொன்றும் எழுதவில்லை. திறந்தால் மார்புக் கவசத்தைப் பற்றிய பக்கம். நான் பெரிய மனிதனாக ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு, ஷீட்டில் அதன் எதிரே குறிப்பு எழுதினேன்: 'மின்னலின்போது இருவர் அருகருகே நிற்பது விதிக்கு முரண். நிராகரிக்கப்படுகிறது.' ஆபத்து என்ற தலைப்பின் கீழ் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றது கால் கவசம். அதுவே முதலிடம். ஓடித் தப்பிக்கும் கவசத்தை ஒரு பாதுகாப்பு மனிதன் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கால் கவசத்தோடு ஆஜரானேன். முதல் ஆட்டத்தில் மகள் செத்தாள். இரண்டாவதில் தோழி செத்தாள். மூன்றாவதில் இருவரும் செத்து, நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன். மகள் "பக்கத்துல வாங்க, பக்கத்துல வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் போகவில்லை. இருபது வருஷத்துப் பாடம் விரலில் ஏறிப்போயிருந்தது: மின்னல் வெட்டுகிற இடத்தில் அவரவர் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். திரை முழுக்க நீலமாக வெட்டும்போது எங்கள் பக்கத்தில் இடிக்குப் பயந்து சொல்லும் வழக்கப்படி "அர்ஜுனா, அர்ஜுனா" என்று வேறு வாய் முணுமுணுத்தது. நான்காவது ஆள் யார் என்று தோழி கேட்டாள்.

நாலாவது முறையும் தோற்றோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் நெட் சரியில்லை என்றேன். அப்போது அந்தத் தோழி தொண்டையைச் செருமினாள். அவளும் நம் ஊர்தான், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்.

"அங்கிள், ஆப் இத்தா தூர் கைக்கு கடே?"

ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டவள், மகள் "நக்கோ, வேண்டாம், சும்மா இரு" என்று தடுத்ததையும் கேட்காமல் தெலுங்கும் ஹிந்தியுமாகக் கொட்டிவிட்டாள். என் மகளுக்கு இந்த விளையாட்டில் திரைக்குள் ஆட்டுவிக்க இரண்டு ஆட்கள் உண்டாம். ஒன்று மற்ற நாட்களில் இந்தத் தோழியோடு ஆடுவது. தனியாகவே பூதத்தை முடித்துவிடுமாம், அதற்கு யார் துணையும் வேண்டாம். இப்போது ஆடுவது இன்னொன்று. இதன் பில்ட் முழுக்கவே பக்கத்தில் ஒருவர் மார்புக் கவசத்தோடு நின்றால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் இதற்குச் சுடக்கூட வராது. மூன்று மாதமாக ஒவ்வொரு கவசமாகச் சேர்த்து இவள் இதைக் கட்டியிருக்கிறாள். "சண்டேக்கு மட்டும்தான் இதை எடுப்பா அங்கிள். உங்களுக்காகச் செஞ்சது" என்பதுதான் அவள் சொன்னதன் அர்த்தம்.

அப்படியானால் சீனியர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சீனியரே இல்லை என்பது, எர்த் குழியையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக்கூடப் புரிந்தது.

மகள் மெதுவாகச் சொன்னாள். "புதன்கிழமையே லிங்க் அனுப்பிச்சேன்ல, அப்பா."

பக்கத்தில் லேப்டாப்பில் ஷீட் திறந்தே இருந்தது. 'நிராகரிக்கப்படுகிறது' என்று நானே, முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து, எழுதியிருந்தேன். அலுவலகத்தில் என் குறிப்புகள் தெளிவாக இருக்கும் என்று பாராட்டுவார்கள். அந்தத் தெளிவை நினைத்து அன்று எனக்கு அவமானமாக இருந்தது.

கால் கவசத்தைக் கழற்றி மார்புக் கவசத்தை மாட்டினேன். ஐந்தாவது ஆட்டத்தில் அவளை ஒட்டியே நடந்தேன். அவள் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினேன். இரண்டு முறை மோதி அவளைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தேன். பூதம் வந்ததும் என் மார்பிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி அவள் மேல் பாய்ந்து, அவளிடமிருந்து திரும்பி என்மேல் பாய்ந்தது. என் வாயும் "அர்ஜுனா"வும் தயாராக இருந்தன. கால் மட்டும் நகரவில்லை. பூதம் விழுந்தது. தோழி ஏதோ வெற்றிக் கூச்சல் போட்டுவிட்டு, மெஸ் மூடிவிடுவார்கள் என்று ஓடிப்போனாள்.

வழக்கமாக அப்போதே மகளும் "ஓகே பா, பை" என்று போய்விடுவாள். அன்று போகவில்லை. பூதம் செத்துப்போன அந்தக் காலி மண்டபத்தில் எங்கள் ஆட்கள் இருவரும் அடுத்தடுத்து நின்றுகொண்டிருந்தார்கள். சுட ஒருவரும் மிச்சமில்லை. நீ மெஸ்ஸுக்குப் போகலையா என்று கேட்டேன். பசிக்கவில்லை என்றாள். அதையும் தமிழில் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இங்க பிடிக்கலப்பா" என்றாள்.

என்னிடம் உடனே ஐந்து யோசனைகள் வரிசையாகக் கிளம்பின, நம்பர் போட்டுக்கொண்டு. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவள் பேசினாள். வகுப்பில் ஒன்றும் புரியவில்லை என்பதை, இந்தத் தோழியைத் தவிர யாரும் பேசுவதில்லை என்பதை, முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதை எங்களிடம் மறைத்ததை, ராத்திரி அழுகிறாள் என்பதை, எல்லாம் தமிழில், தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். இவளுக்கு இவ்வளவு தமிழ் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. எத்தனை தோசை என்று கேட்க வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சோபாவின் பின்னால் நின்றுவிட்டாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதருகே திருப்பிப் பிடித்தேன்.

"இருக்கீங்களா அப்பா?"

"இருக்கேன்மா. சொல்லு."

கன்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்து மெதுவாக டீப்பாய் மேல் வைத்தேன். தெரியாமல் விரல் பட்டு என் ஆள் ஓரடி தள்ளிப் போய்விடக் கூடாது.