வளையத்தில் ஒட்டிய சந்தனம்

காக்கா கடையில் கோப்பியை ஆற்றிக்கொண்டே முதலாளி, பட்டறையில் கணக்கு எழுதும் என்னைக் கேட்டார்: "கிராணி, விஷயம் தெரியாதா? சங்கிலி சவரி மவுத்தாயிட்டாராம் லா." சாவுச் செய்தி கேட்டுக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மாலையில் மாதா கோயிலுக்குப் போனால், பிறை ஊரில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையே அங்கே நின்றது. "எனக்குக் கூடப்பிறந்தவரு மாதிரி" என்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் துண்டால் கண்ணைத் துடைத்தார். சீ! அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நண்பர்களே, சவரிமுத்து அண்ணனின் வேலை உங்களுக்குத் தெரியும். பாரந்தூக்கிச் சங்கிலியை வளையம் வளையமாகச் சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்பார். சந்தேகப்பட்டதை உடைத்து, உடைந்த இடத்தின் முகத்தைப் பார்ப்பார். "நல்ல இரும்பு கரும்புச் சக்கை மாதிரி நார் நாராக் கிழியும். கெட்டது கற்கண்டு மாதிரி பொடுக்குனு போயிரும்" என்பார். உழைத்த சங்கிலியைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் மெதுவாக ஆறவிட வேண்டும் என்று துரையிடம் மன்றாடுவார். "இரும்புக்கும் அசதி உண்டு, கிராணியாரே. வாய் விட்டுச் சொல்லாது, அவ்வளவுதான்."

"அப்போ அதுக்கு லீவு எழுதிரவா, அண்ணே?" என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெரிய சங்கிலி முழுக்கச் சந்தனத்தைக் கரைத்துப் பூசினோம். மறுநாள் காலை அண்ணன் மண்ணெண்ணெய்த் துணியோடு வந்துவிட்டார். மூன்று வளையம் துடைப்பதற்குள் மண்டோர் கையைப் பிடித்தார்.

"வேதக்காரன் எங்க சாமி சந்தனத்தைத் துடைக்கிறதா?"

"சந்தனம் இருந்தா விரிசல் தெரியாதய்யா. அஞ்சு நிமிஷம் குடு, நானே திரும்பப் பூசித் தர்றேன்."

யார் கேட்டது? அன்றே அவரை மாற்றச் சொல்லித் துரைக்கு மனு போயிற்று. இங்கிலீஷில் எழுதியவன் நான்தான். நடை நன்றாக வந்திருக்கிறதென்று பெருமைகூடப் பட்டேன், மானங்கெட்டவன். அண்ணனைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் மாதம் சங்கிலி அறுந்தது. கீழே நின்ற கூலியாள் மாணிக்கம் அங்கேயே செத்தான். கிடங்கிலிருந்து ஓடிவந்த அண்ணன் அறுந்த வளையத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். பாதி முகம் பளபளவென்று புதிதாக இருந்தது. மறுபாதி துருவேறிக் கறுத்து, அதன் நடுவே மஞ்சளாக ஒரு கோடு.

"பளபளப்பு இன்னைக்கு ஒடைஞ்சது. கறுப்பு பழைய விரிசல். மஞ்சள் என்னன்னு உங்களுக்கே தெரியும்."

விசாரணைக்குச் சாட்சிகளின் பட்டியலை நான் எழுதினேன். "சவரி பேரு வேணாம் லா, எல்லாருக்கும் வம்பு" என்றார் மண்டோர். நான் எழுதவில்லை. மாணிக்கத்தின் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. அவன் மனைவி இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வளையத்தைக் காகிதத்தில் சுற்றி என் மேசையில் வைத்தார். "நீங்களே வச்சிருங்க, கிராணியாரே. எழுதத் தெரிஞ்சவரு நீங்கதான்."

கோயில் வாசலில் அழுதவர்களைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பில் பெரும்பங்கு என்மேல்தான். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த வளையம் ஒன்றே. நாளை அதை மாணிக்கத்தின் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இத்தனை வருஷமாகியும் அதை நான் கழுவவில்லை.