அண்ணன் தூக்கி வந்த கணினிகள்

அண்ணன் போய் ஓராண்டாகிறது. எங்கள் அசதி இன்னும் தீரவில்லை. "பேசுறவதானே, நன்றிக் கடிதத்தையும் நீயே எழுது" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன்.

ரெங்கம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அண்ணன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ஜொகூர் பாருவில் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்து, கணினிக்கு மாறினார். யாரிடமும் கோபப்பட மாட்டார். பழைய கணினியைக் குப்பை என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

சிங்கப்பூரில் கழித்துப் போட்டவற்றைப் பாலம் தாண்டித் தூக்கி வருவார். முதல் பெட்டியைப் பார்த்த சுங்க அதிகாரி, "தையல் மெஷினா?" என்றாராம். "கம்ப்யூட்டர்" என்றதும், "அலமாக்! இத்தனூண்டு திரையா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டாராம்.

வீட்டில் நான்கு சேர்ந்தன. வருகிறவர்களுக்குத் தேநீரோடு அவற்றின் கதையும் கிடைக்கும்.

"கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போலாம்னு ஜனங்களை நம்ப வெச்சது முதல் பெட்டி. ஆனா கரண்டு இல்லாட்டி வெறும் பெட்டி லா. ரெண்டாவதும் அதே கனம்தான். ஆனா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராம் அப்படியே இதுல ஓடும். மூணாவது நாலு டார்ச்லைட் பேட்டரியில ஓடும். பத்திரிகைக்காரங்க மடியில வெச்சு எழுதி, ஃபோன் வழியா செய்தி அனுப்புனாங்க. திரையை மடக்குற நாலாவது, இப்ப நீங்க வெச்சிருக்கிறதுக்கெல்லாம் அப்பன்."

எது பெரிது என்று கேட்டால், "ரெண்டாவதுதான். அது வந்த பிறகுதான் வேலை மனுஷன் கூடவே கிளம்புச்சு" என்பார்.

பிறகு அண்ணனுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அண்ணியும் நானும்தான் தூக்கினோம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். நாங்கள் போகவிருந்த அண்ணன் மகளின் அடுக்குமாடி வீட்டில் ஒரு கணினிக்குத்தான் இடம். எது என்று அண்ணனையே கேட்டோம். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

"மூணாவது" என்றார் கடைசியில்.

"ஏங்க, ரெண்டாவதுதான் பெருசுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"அதை யாரும்மா தூக்குறது? என்னைத் தூக்கியே உங்க ரெண்டு பேர் இடுப்பும் போச்சு. இது ஒத்தக் கையில வரும்."

வீடு மாறும் முன்பே அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

பதினாறாம் நாள் படையலில், அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்புக்குப் பக்கத்தில் மூன்றாவது கணினியை வைத்தேன். அண்ணி அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டாவதின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணே லேசானதைத்தானே சொன்னாரு, அண்ணி?"

"அது எனக்காகச் சொன்னது. அவரு மனசுல இருந்தது இதுதான். என் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காம அந்தப் பக்கம் பிடி."

இப்போது அது மகள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. மற்ற மூன்றையும் அண்ணன் வேலை பார்த்த கடையின் தம்பி ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

நாங்கள் ஓய்ந்தபோதெல்லாம் ஓடி வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பத்துக்கும், வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்துப் பார்த்த தாதிக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், மின்தூக்கி பழுதான அன்று நான்கு மாடி ஏறி அந்தக் கனத்த பெட்டியை முகம் கோணாமல் சேர்த்த பிள்ளைகளுக்கும் நன்றி. உங்கள் கைகளுக்கு எங்கள் கும்பிடு.