நொம்சாவின் அம்மாவுக்குப் போன படம்

போன ஞாயிறு மெல்பேர்னுக்கு வெளியே கிரான்பர்னில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அந்த வீட்டு மகளுக்குக் கலியாணம் முடிந்து மூன்று மாதம். சாப்பாடு ஆனதும் கலியாண அல்பத்தைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். ஒரு வயதுக் குழந்தையின் பாரம். திறந்தால் புதுப் பசை வாசம். உள்ளே இருந்த அத்தனை பேரும் பால்மாவில் முக்கி எடுத்தது போல இருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல கறுப்பன், வெயிலில் கிரிக்கெற் விளையாடுகிறவன். மாலையை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டுபிடித்தேன்.

"எப்படி அங்கிள், வடிவா வந்திருக்கோ?"

"வடிவுதான் பிள்ளை. இதிலை உம்மட மாப்பிள்ளை எங்கை?"

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். திரும்பி வரும் வழி முழுக்கக் காரில் ஏச்சு. "அதுகள் ஆசையா எடுத்த படம். உங்களுக்கேன் உந்தத் தேவையில்லாத கதை?"

ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. இந்தக் கோபத்துக்கு வயது ஐம்பதுக்குக் கிட்ட. அதில் பாதி என் மேலேயே உள்ள கோபம் என்பதால் வீட்டில் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அல்பத்தின் பசை வாசத்துக்குள் எனக்கு இன்னொரு வாசமும் வந்தது. வினாகிரி வாசம். படம் கழுவும் இருட்டறையில் ஒரு நாள் நின்றால் விரல், தலைமயிர், உடுப்பு எல்லாம் அந்தப் புளிப்பு ஏறிவிடும். எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்னில் அப்படி மணந்துகொண்டு திரிந்தேன். ட்ராமில் எனக்குப் பக்கத்துச் சீற் எப்போதும் காலி. அது என் நிறத்தாலா, வினாகிரியாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்போது அந்த ஊரில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் நானே வாயைத் திறந்து கதைத்தால்தான் உண்டு.

வேலை, நகருக்குள் ஒரு சந்தில், சட்டைக்குத் தைக்கிற தெறி விற்கும் கடைக்கு மேலே இருந்த ஸ்ரூடியோவில். முதலாளி கீத். கலியாணம், கால்பந்துக் குழு, ஓய்வுபெறும் வங்கி மனேஜர் என்று படம் எடுத்துச் சோறு தின்றவர். மனத்துக்குள் அவர் பெரிய கலைஞர். பழைய ஐரோப்பிய ஓவியங்கள் அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தார், பக்கமெல்லாம் தேநீர்க் கறை. வேலையில்லாத பின்னேரங்களில் கறுப்பு வெல்வெற் சீலையைத் தொங்கவிடுவார். இடது பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. நடுவில் முதுகு உயர்ந்த கதிரை. மீன் சந்தையில் பிடித்த கிரேக்கக் கிழவரைப் பாதிரியாராக இருத்துவார். எனக்கு முதல் கிழமையே தலைப்பா கட்டிக் கீழைத்தேச வியாபாரி ஆக்கினார். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் தலைப்பா கட்டுவது புகையிலைத் தோட்டத்து வெயிலுக்கு. சொன்னேன், சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், வேலை வேண்டுமே.

ஒருநாள் நொம்சாவைக் கூட்டிவந்தார். கீத்துக்குக் கையில் சத்திரசிகிச்சை நடந்தபோது பார்த்த தாதி. தென்னாபிரிக்காவில் நேற்றால் மாகாணத்தைச் சேர்ந்த சூலு இனப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சாம்பல் நிறக் கோட், கையுறை, கோவிலுக்குப் போகிறவர் போல நேர் நடை. சூலு மக்களைப் பழைய ஓவியங்களில் வரும் பிரபுக்கள் மாதிரி இருத்திப் படம் எடுப்பதுதான் கீத்தின் புதிய கனவு. மெல்பேர்னில் அவருக்குத் தெரிந்த சூலு மக்கள் இந்த ஒருவர்தான், அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

நொம்சா ஒரு நிபந்தனை வைத்தார். இருப்பேன், பதிலுக்கு அம்மாவுக்கு அனுப்ப ஒரு பெரிய படம் வேண்டும். அவருடைய நாட்டு அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது வெளியே போகிற கடதாசி மட்டும். திரும்பி வரக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தது. பிறந்த ஊருக்குப் போகாதே என்று சொல்ல ஒரு கந்தோர், அதற்கு ஒரு முத்திரை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. அம்மா கப்பல் ஏறுகிறவர் அல்ல. ஆகவே அந்தத் தாய் மகளின் முகத்தை இனிமேல் பார்ப்பது படத்தில்தான்.

நாங்கள் மூவரும் பேசியது இங்கிலிஷ். ஆனால் நினைவில் எல்லாரும் என் தமிழிலேயே கதைக்கிறார்கள், நான் என்ன செய்ய.

கீத் ஒரு நாடகக் கொம்பனியில் சொல்லிச் சிவப்புத் தொப்பி ஒன்று செய்வித்திருந்தார். வட்டமாக, அகலமாக, மேல்நோக்கி விரிந்தது. எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ. நொம்சா அதைத் தொடவில்லை.

"இது கலியாணம் கட்டின பெண்கள் வைக்கிறது. நான் இன்னும் கட்டேல்லை."

"படத்துக்குத்தானே" என்றார் கீத்.

"படத்தைப் பாக்கப்போறது என்ர அம்மா."

கீத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நொம்சாவின் தலைக்குக் கிட்டப் போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிவு. கலியாணமாகாத பிள்ளையின் கழுத்தில் படத்துக்கென்று தாலி கட்டுவது போன்ற வேலை அது. "அவ மாட்டன் எண்டு சொல்லீட்டா. வையுங்கோ கீழை" என்றேன்.

"நீ படம் கழுவ வந்தனி."

"கழுவமாட்டன்."

விளக்கை நிற்பாட்டிவிட்டு அப்படியே நின்றேன். கீத் முணுமுணுத்தார். தொப்பி மூலைக்குப் போனது. நான் விளக்கைத் திரும்பப் போட்டேன். நொம்சா தன் கோட்டைக் கழற்றி, வெள்ளைக் கழுத்துப் பட்டி வைத்த தன் சொந்தச் சட்டையோடு கதிரையில் இருந்தார். கைகள் இரண்டும் கதிரைக் கைகளின் மேல். முகத்தில் பாதி வெளிச்சம். அன்றைக்கு அவர் கேட்டிருந்தால் கீத் தேநீர்கூட ஊற்றிக் கொடுத்திருப்பார், அப்படி ஒரு இருப்பு.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை நான் வீரனாகத் திரிந்தேன். அந்த வீரன் செய்த வேலையை இனிச் சொல்கிறேன்.

நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில். நெகட்டிவ்வின் மேல் கூர்ப்பென்சிலால் மெல்லத் திருத்துவதை ரச்சிங் என்போம். பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். சம்பந்தம் பேச அனுப்பும் பெண்ணின் படம் என்றால் நாலு மணித்தியாலம் பென்சில் ஓடும். வெளுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்காமலே செய்வதுதான் மரியாதை. செய்யாமல் கொடுத்தால் தகப்பன் சண்டைக்கு வருவார், பிள்ளையை அவமதித்துவிட்டான் என்று.

நொம்சாவுக்கு அந்த மரியாதையைச் செய்தேன். மூன்று மத்தியானம் சாப்பாட்டை விட்டுவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து என்று பென்சில் ஓட்டினேன். யாழ்ப்பாணத்துப் பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை. படத்தைக் கழுவி, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டினேன். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வந்த நொம்சா, "ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஒட்டிப்போட்டன். அம்மா முதல் பாக்கட்டும்" என்றேன், பெருமையோடு.

கீத் தன் பிரதியைப் பார்த்து முதன்முறையாக என் முதுகில் தட்டினார். பின்பக்கத்தில் 'சூலு, மெல்பேர்ன்' என்று எழுதினார். பெயர் இல்லை. நாய்க்கு இனம் எழுதுவது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதும் என் பென்சிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆறேழு கிழமைக்குப் பிறகு நொம்சா கடிதத்தோடு வந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஊர்ப் பாதிரியார் எழுதிக் கொடுத்திருந்தார். நொம்சா எனக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்து வாசித்தார். மகளே, உனக்கு என்ன வருத்தம்? ஏன் எங்களுக்கு மறைக்கிறாய்? உன் முகத்தில் இரத்தம் இல்லை. வைத்தியம் பார்க்கத் தெரிந்த நீயே இப்படிக் கிடந்தால் அங்கே உன்னை யார் பார்க்கிறார்கள்?

"படத்தைக் காட்டும்" என்றார். கீத்தின் பிரதியை எடுத்துக் காட்டினேன்.

படத்திலிருந்த கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆர் உம்மைக் கேட்டது?"

"ஆரும் கேக்கேல்லை. வடிவா இருக்கட்டும் எண்டுதான்..."

"என்ர முகம் அப்படியே அம்மாட முகம். ஊரிலை எல்லாரும் சொல்லுவினம். நீர் இதிலை இருத்தி வைச்சிருக்கிறது ஆரை?"

மூலையில் கிடந்த தொப்பியைக் காட்டி அவர் சொன்னார், "அவர் கேட்டிட்டு வைக்கப் பாத்தவர். நீர் கேக்கவும் இல்லை."

கீத் அந்த நெகட்டிவ்வைத் தொடக்கூடாது என்றார், அதுதான் தன் தலைசிறந்த படமாம். அடுத்த நாள் அவர் வெளியே போனதும் பஞ்சில் தேர்ப்பன்ரைன் நனைத்துப் பென்சிலை முழுக்கத் துடைத்தேன். மூன்று மத்தியான வேலை ஐந்து நிமிடத்தில் போனது. படத்தைக் கழுவும்போது, தட்டில், சிவப்பு வெளிச்சத்துக்குள் முகம் மெல்ல மேலே வந்தது. இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு ஒன்று. உதட்டுக்கு மேலே ஒரு மச்சம். பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் பார்த்தவன் நான். இரண்டையும் முகத்தில் கிடந்த குறையென்று நினைத்துப் பென்சிலால் மூடியிருந்தேன்.

நொம்சா அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓம். இது நான்." நன்றி சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? தானே மட்டை வைத்தார், தானே ஒட்டினார், தானே தபாலில் போட்டார். அவருக்கு வருகிற, அவர் அனுப்புகிற கடிதங்களை அங்கே பொலிஸ் பிரித்துப் பார்க்கும், சிலதை வைத்துக்கொள்ளும் என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். அந்த மாதமே சிட்னியில் ஒரு ஆசுபத்திரிக்கு மாறிப் போய்விட்டார். பதில் வந்ததா என்று எனக்கு எழுத அவருக்கு ஒரு கடமையும் இல்லை.

தெறிக் கடையும் இல்லை, ஸ்ரூடியோவும் இல்லை. அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. கீத் செத்த பிறகு நெகட்டிவ்களை எல்லாம் குப்பை லொறியில் ஏற்றினார்களாம். இருட்டறை, வினாகிரி, கூர்ப்பென்சில் எதுவும் இன்றைய பிள்ளைகளுக்குத் தேவையில்லை. நொம்சாவின் அம்மாவும் இப்போது இருக்கமாட்டார். நான் வெளுத்த படம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அது நிச்சயம். மற்றது போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.