மீசை வைத்த கேட்கீப்பர்

ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரம், எங்கள் ஊர். போன துர்கா பூஜைக்கு, பூஜை நடத்தும் கிளப்காரர்கள் பந்தல் அலங்காரத்துக்கு எடுத்த தீம், எங்கள் ஊர் ரயில் வரலாறு. சுரங்கப்பாதை வந்ததும் பிடுங்கிப் போட்ட லெவல் கிராஸிங் கேட்டைப் பந்தல் வாசலில் மூங்கிலால் கட்டினார்கள். என் பழைய சிவப்பு, பச்சைக் கொடிகளைக் கேட்டார்கள். துவைத்து இஸ்திரி போட்டு ஆசையாக எடுத்துப் போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் களிமண் பொம்மை. அதற்கு முறுக்கு மீசை!

அந்தக் கேட்டில் பதினேழு வருஷம் நின்றவள் நான். கணவர் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததால் ரயில்வே எனக்குக் கொடுத்த வேலை அது. கிளப் தலைவரிடம், "யாரு தாதா இவன்?" என்று வங்காள மொழியில் கேட்டேன். எங்கள் ஊரில் தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

"கேட்மேன், தீதி. ஆம்பளையா இருந்தாத்தானே ஜனங்களுக்குப் புரியும்?"

யார் சொல்கிறார் பாருங்கள்! ஒரு நாள் இதே மனுஷர் காரில் உட்கார்ந்து ஹார்னைக் கதறவிட்டார். "ரயில்தான் போயிடுச்சே, திற!" ஒரு ரயில் போனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்லாமல் பூட்டைத் தொடக்கூடாது. நான் தொடவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் தடதடத்துப் போனது. ஒரு நன்றி? ஊஹூம்.

"மீசை இருக்கிற வரைக்கும் கொடி கிடையாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பூஜை நேரத்துல எதுக்கும்மா வம்பு? பொம்மைதானே, விடேன்."

"விடறதாவது! நாளைக்கு உன் பிள்ளை வந்து பார்த்தா, பாட்டி எங்கேன்னு கேக்காதா?"

மறுநாள் பொம்மை செய்தவரிடமே நேராகப் போனேன். தலைவரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரக் கட்டைவிரலால் மீசையை வழித்தார். கொண்டை வைத்தார். "புடவைக்கு மேல ஆரஞ்சு கோட்டு," என்று நானே பக்கத்தில் நின்று போடவைத்தேன். அப்புறம்தான் கொடிகளைக் கொடுத்தேன், பச்சையை மட்டும். சிவப்பை வைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்குத் தலைவர் விருந்தாளிகளோடு வந்தார். கேட் மூடியிருந்தது. உள்ளே பொம்மைக்குப் பக்கத்தில் என் பழைய கோட்டில் நான். ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பப் போடும் ரயில் சத்தம் ஒரு முறை ஓடி அடங்கியது.

"ரயில் போயிடுச்சு, திறங்க தீதி," என்றார், எல்லோர் முன்னாலும் இளித்துக்கொண்டு.

சிவப்புக் கொடியை நீட்டினேன். "இன்னொண்ணு வரும், தாதா. நில்லுங்க."

நின்றார். இரண்டாவது முறை அந்தச் சத்தம் வந்து, முழுசாகப் போய் முடிந்த பிறகுதான் மூங்கிலைத் தூக்கினேன்.