கோட்டை முற்றத்தில் தலைக்குத் தண்ணீர்

சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு தொடங்கும் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. கடல் தாண்டிப் போனவளுக்குச் சொல்லாமல் இருந்தால், தேர்வு முடியும்வரை அவளைத் துக்கம் தொடாது. அவள் அளவில் அப்பா இருந்துகொண்டுதான் இருப்பார். எங்கள் மலையூரான பூண்டியில் கூடிய பங்காளிகள் அப்படித்தான் முடிவு செய்தார்களாம். ஐம்பதுகளின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த நான், அப்பா இல்லாத ஒரு பனிக்காலத்தை அப்பா உள்ளவளாகவே கழித்தேன்.

வசந்தம் வந்ததும் விடுதித் தோழிகள் பழைய கோட்டை ஒன்றைப் பார்க்க நடந்தே போகலாம் என்றார்கள். பேருந்து ஓடும் சாலையை விட்டு விலகிச் சேற்றில் நடப்பதற்கு அந்த நாட்டில் விடுமுறை என்று பெயர். எங்கள் மலையில் நடப்பவர் முதுகில் பூண்டு மூட்டை இருக்கும். இல்லையென்றால் பழனிக்கு நேர்ந்துகொண்ட கடன் இருக்கும். கொடைக்கானல் பள்ளியில் சேர்க்க அப்பா என்னைச் சோலைக்காட்டு வழியாக நடத்திக் கூட்டிப்போனார். அவர் தலையில் என் தகரப்பெட்டி. வழி தெரியாத என்னை ஏன் முன்னே விடுகிறார் என்று கேட்டேன்.

“பின்னால வந்தீன்னா, நீ நின்னுட்டாலும் எனக்குத் தெரியாதுல்ல தாயி” என்றார். சற்றுத் தூரம் போனதும், “வெரசாப் போ. இப்பிடி நடந்தா நீ போய்ச் சேர்றதுக்குள்ள வாத்தியாரம்மாவுக்கு நரைச்சிரும்.”

கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் கல்வேலிகளையும் ஆட்டுப்பட்டிகளையும் அவருக்குச் சொல்வதற்காக மனத்தில் சேர்த்துக்கொண்டு நடந்தேன். மதில் எவ்வளவு கனம், கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்பார். வாசலில் அந்த வாத்தியாரம்மாவே காத்திருந்தார். மிஸ் ஹெலன், கொடைக்கானலில் எனக்கு ஆங்கிலம் கற்பித்து, ஓய்வுபெற்றுத் தம் ஊர் திரும்பியவர். நான் வருவது அறிந்து பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். முற்றத்தில் என் கையைப் பற்றினார்.

“அப்பா போயிட்டாருன்னு மார்கழியிலேயே ஸ்கூல்லருந்து எழுதுனாங்கம்மா. தனியா எப்பிடித் தாங்குன?”

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. பிடித்த கையை விடவில்லை.

நான் அழவில்லை. அழுவதற்குமுன், கேட்ட இடத்திலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றின்மேல் இரும்பு வலை போட்டிருந்தார்கள். காவலாளியிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். நல்ல மனிதர், தாகம் என்று எண்ணிக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தார். குடிக்க அல்ல, தலைக்கு என்றேன். மயக்கம் என்று எண்ணி நாற்காலியும், சர்க்கரை மிகுந்த தேநீரும் கொண்டுவந்தார்.

மிஸ் ஹெலன் எங்கள் மலையில் பல சாவுகளைக் கண்டவர். தேநீர்க் கடைக்குள் போய்ப் பெரிய ஜாடி நிறையத் தண்ணீர் எடுத்துவந்தார். “உக்காரும்மா. சேலையோடவே” என்றார். கல்தரையில் உட்கார்ந்தேன். ஊற்றினார். யாரோ ஒரு தாய் தன் குழந்தையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோழிகள் தங்கள் கோட்டுகளைக் கழற்றி, எப்போது போர்த்தலாம் என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார்கள். ஊரே கூடி அழுது முடித்துவிட்ட ஒரு சாவை நான் அங்கே புதிதாக அழத் தொடங்கினேன்.

மறு வருடம் ஊர் போனபோது அண்ணனிடம் கேட்டேன். “சொல்லியிருந்தா படிப்ப விட்டுட்டு ஓடியாந்திருப்ப. அதுக்கா அப்பா ஒன்ன அனுப்புனாரு?” என்றான். பூண்டியில் எல்லோரும் அப்பாவை இறந்தகாலத்தில் பேசப் பழகியிருந்தார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. ஸ்காட்லாந்துக்கே திரும்பி, அங்கேயே ஆசிரியையானேன்.

அண்ணன் அப்பாவுக்கு மார்கழியில் படைக்கிறான். நான் கேட்ட நாளில், சித்திரையில் படைக்கிறேன். அவன் பந்தியில் பங்காளிகள் உட்காருவார்கள். நான் படைக்கும் இலைக்கு எதிரே, உயிரோடு இருந்தவரை மிஸ் ஹெலன் உட்கார்ந்தார். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.